நாள்தோறும் 45 நிமிடம் முந்திக்கொண்ட பல்சார்

ஒரு பல்சாரும் ஒரு துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வானியலாளர்கள் சொல்கிறார்கள். "துணை விண்மீன் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியவில்லை என்கிறீர்கள். பிறகு இரண்டு இருப்பதாக எப்படிச் சொல்கிறீர்கள்? இதுவும் ஜாதகக் கணிப்புத்தானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குத்தல் இருந்தாலும் நல்ல கேள்வி.

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருதான் நியூட்ரான் விண்மீன். வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனே பல்சார். அதன் ரேடியோக் கற்றை ஒவ்வொரு சுழற்சியிலும் நம்மைத் தொட்டுச் செல்லும். கடிகாரமே வைக்கலாம், அவ்வளவு சீரான துடிப்பு.

1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோத் தொலைநோக்கியில், வானியலாளர் ஜோசப் டெய்லரின் மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸ் பல்சார் தேடிக்கொண்டிருந்தார். 0.059 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் ஒன்று அகப்பட்டது. மறுபடி அளந்தால் எண் மாறியிருந்தது. தம் கணினி நிரல்தான் சொதப்புகிறது என்று நினைத்து, வேறொன்று எழுதினார். அப்போதும் மாறியது.

இனி வருவதுதான் எனக்கு அலுக்காத பகுதி. அரெசிபோவின் 305 மீட்டர் தட்டு மலைப்பள்ளத்தில் பதிந்தது; திருப்ப முடியாது. (பராமரிப்புக்கான நிதி ஆண்டுக்கணக்கில் சுருங்கி, 2020 டிசம்பரில் அது இடிந்து விழுந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.) அந்த விண்மீன் உச்சியைக் கடக்கும் சுமார் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும். முதல் நாள், துடிப்பு இடைவெளி மெல்லக் குறையும் ஒரு வளைகோடு. மறுநாள் அச்சு அசலாக அதே வளைகோடு, ஆனால் 45 நிமிடம் முன்னதாக!

கணக்குப் போடுங்கள். பாதையை ஒருமுறை சுற்ற 7 மணி 45 நிமிடம். மூன்று சுற்றுக்கு 23 மணி 15 நிமிடம். நம் நாளில் எஞ்சுவது 45 நிமிடம். ஆக, அதே ஜன்னல் வழியே ஹல்ஸ் ஒவ்வொரு நாளும் பாதையில் சற்றே தள்ளிய பகுதியைப் பார்த்திருக்கிறார். அப்படியானால் திருப்பமும் ஒருநாள் ஜன்னலுக்குள் வந்தாக வேண்டும். செப்டம்பரில் வந்தது: குறைந்துகொண்டிருந்த இடைவெளி நின்று, ஏறத் தொடங்கியது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி நம்மைக் கடந்ததும் மாறுமே, அதே டாப்ளர் விளைவு. எதையோ சுற்றாமல் இப்படி ஏறி இறங்க வழியில்லை.

அந்த 'எதையோ' இன்னொரு நியூட்ரான் விண்மீன். இரண்டும் தலா சுமார் 1.4 சூரிய நிறை. ஜோடி உருவான கதை சுருக்கமானது: இரு பெரிய விண்மீன்களில் ஒன்று வெடித்து நியூட்ரான் விண்மீனானது, மற்றதன் வாயுவை உறிஞ்சி வேகம் பிடித்தது, பிறகு மற்றதும் வெடித்தது. அந்த இரண்டாம் வெடிப்பில் பல ஜோடிகள் பிரிந்துவிடும்; இது தப்பியது. இப்படி வாயு விழுந்து பல்சார் வேகம் பெறும் கருத்தை வளர்த்தவர்களில் ஒருவர் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமனின் மகன்.

ஜாதகத்துக்கு வருகிறேன். இந்த ஜோடி ஈர்ப்பு அலைகளாக (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளாக) ஆற்றலை இழந்து நெருங்க வேண்டும் என்றது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. டெய்லர் குழுவினர் ஆண்டுகள் பல காத்திருந்து அளந்தார்கள். சுற்றுக் காலம் ஆண்டுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 76 பங்கு குறைகிறது, கோட்பாடு சொன்னபடியே. 1993இல் ஹல்ஸ், டெய்லர் இருவருக்கும் நோபல் பரிசு. சுமார் 30 கோடி ஆண்டில் இரண்டும் மோதிக்கொள்ளும். அதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நெருக்கம்.