கடைமடை

பாசனத் திட்ட மதிப்பீடுகளில், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நிலங்களைக் குறிக்க 'டெயில் எண்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். அதை 'வால்பகுதி' என்று தமிழாக்கியவர்கள் காவிரி டெல்டாவில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைமடை என்று உடனே சொல்லியிருப்பார்கள்.

மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் திறப்பு. 'மடை திறந்த வெள்ளம்' என்கிறோமே, அதே மடைதான். கடை என்றால் முடிவு. கடைக்கண், கடைவாய், கடைக்குட்டி எல்லாம் அந்த வகை. எதிர்ச்சொல் தலைமடை. வால் என்றால் இடம் மட்டும்தான் தெரிகிறது. கடைமடை என்றால், முன்னால் இருக்கும் மடைகள் எல்லாம் குடித்து மிஞ்சியதுதான் இதற்கு என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

இன்னொன்று, ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் தனித்தனியே ஒரு கடைமடை உண்டு. பெரிய கால்வாயின் தலைப்பில் இருக்கும் ஊரிலேயே கடைசி வயல்காரர் தண்ணீருக்குத் தவிக்கலாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தார்கள் என்பது ஒரு செய்தி. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்பது பல நாள் கழித்து வரும் வேறு செய்தி. பல மதிப்பீடுகள் முதல் செய்தியோடு நின்றுவிடுகின்றன என்பது என் குறை. அணையில் விட்ட நீரை மொத்தப் பரப்பால் வகுத்தால் கணக்கு அழகாகவே வரும். ஆனால் தலைமடையில் நீர் தேங்கி, கடைமடை காய்ந்தாலும் அதே சராசரிதான். சரி, வேறு எப்படி அளப்பது? அதிக நீர் பெறும் கால்பங்கு நிலத்தின் சராசரியை, குறைவாகப் பெறும் கால்பங்கின் சராசரியால் வகுப்பது ஒரு வழி. விடை 1 என்றால் சமபங்கு; ஏற ஏறக் கடைமடைக்குக் கேடு.

தலைமடைக்காரர் மிகையாக எடுப்பதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர், வரும்போதே வயலை நிரப்பிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

இலங்கையின் கல்லோயா இடதுகரைப் பாசனத் திட்டத்தில் தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழர். 1981-இல் இளம் பட்டதாரிகள் சிலர் அங்கே ஊர்களில் தங்கி விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்தார்கள். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவாக இருந்த பருவம் அது. வாய்க்காலைத் தூர்வாரி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சப்பட்டதைக் கீழே விட்டார்கள், தலைமடைக்காரர்களே.