ராக்கெட்: ஏவுகணையா, ஏவூர்தியா?

ராக்கெட் என்ற சொல்லின் வேர் நூல் நூற்கும் இடத்தில் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'ரோக்கா' என்றால் நூற்பதற்காகப் பஞ்சு சுற்றி வைக்கும் கோல். அதன் சிறுமை வடிவம்தான் 'ரோக்கெட்டா'. வெடிமருந்து அடைத்த உருளையும் பார்க்க அப்படியே இருந்ததால் அந்தப் பெயர் அதற்கும் வந்தது.

தமிழில் இதற்குப் பழைய பெயர் வாணம். அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்ற வடசொல்லின் திரிபு அது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து ஆங்கிலேயப் படை மீது ஏவியதும் வாணங்களைத்தான். ஆக, அம்பு என்ற எண்ணம் இந்தக் கருவியோடு வெகுகாலமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணை என்றாலும் அம்புதான். அதனால் போர்க்கருவிக்கு 'ஏவுகணை' மிகப் பொருத்தமான சொல்.

சிக்கல் எங்கே என்றால், செயற்கைக்கோளைச் சுமந்து போவதையும் சில செய்திகளில் ஏவுகணை என்றே எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அதற்கு உரிய சொல் ஏவூர்தி: ஏவு + ஊர்தி. (விண்கலம் வேறு, ஏவூர்தி சுமந்து செல்லும் பொருள் அது.) 'ஊர்தி' பழஞ்சொல். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனுக்கு ஊர்தி வெள்ளை எருது.

ஒருமுறை பறந்து கடலில் விழுந்து வீணாகும் ஒன்றை ஊர்தி என்பது பொருந்துமா என்று முன்பு கேட்டிருக்கலாம். தனியார் நிறுவனங்கள் வந்த பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 செயற்கைக்கோள்களை மேலே அனுப்பியது. அதன் முதல் அடுக்கு, அதாவது தரையிலிருந்து மேலே கிளப்பும் அடிப்பகுதி, நடுவானில் பிரிந்து, திரும்பி, எஞ்சினை மறுபடி மூட்டி வேகத்தைக் குறைத்து, நான்கு கால்களை விரித்துக் கேப் கனாவரலில் செங்குத்தாக இறங்கியது. 2017 மார்ச்சில், அதற்கு முன் ஒருமுறை பறந்து வந்த முதல் அடுக்கு ஒன்றையே மீண்டும் பறக்கவிட்டார்கள். இன்று ஒரே முதல் அடுக்கு 20 தடவைக்கும் மேல் போய்வருகிறது. எய்த அம்பு திரும்பாது. ஊர்தி போகும், வரும், அடுத்த சவாரிக்குத் தயாராகும். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வகைக்கு 'மீள்பயன் ஏவூர்தி' என்று தயங்காமல் எழுதலாம்.

நம் ஊர் நிறுவனமும் இதில் உண்டு. சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ஒரு சோதனை ஏவூர்தியைப் பறக்கவிட்டது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சு (3D printing) முறையில் ஒரே துண்டாக உருவானது. இந்த ஏவூர்தி வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் அக்னிபாண், அதாவது தீயம்பு. பெயரில் பாணம் இருக்கிறதே என்று அதை ஏவுகணையில் சேர்த்துவிடக் கூடாது. சிறு செயற்கைக்கோள்களைச் சுமக்கத்தான் அதை உருவாக்குகிறார்கள்; ஆகவே அதுவும் ஏவூர்திதான்.