ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

மே கடைசியிலிருந்து எங்கள் கிளினிக்கில் தமிழ்ப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். கலிஃபோர்னியாவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்தபடி நொண்டி வந்து உட்காருபவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "ஏறும்போது ஒண்ணுமே தெரியலைம்மா. இறங்கும்போதுதான்..."

எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது யோசெமிட்டி தேசியப் பூங்கா, மிஸ்ட் டிரெயில்.

போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் தொடங்கி, மெர்செட் ஆற்றை ஒட்டியே மேலே போகும் பாதை இது. 1.3 கிலோமீட்டரில் ஒரு மரப்பாலம் வரும். அதைத் தாண்டினால் 600க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள். அவை முடியும் இடம், 97 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வெர்னல் அருவியின் உச்சி. இன்னும் தெம்பு இருப்பவர்கள் நெவாடா அருவி வரை போவார்கள். அது 181 மீட்டர். மே, ஜூனில் பனி உருகி ஆறு நிறைந்து வரும்போது அருவியின் சாரல் படி முழுக்க அடிக்கும். வெயில் இருந்தால் காலடியிலேயே வானவில் தெரியும். அழகில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், நானே நாலைந்து முறை போயிருக்கிறேன்.

சென்ற கோடையில் வந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. "பழனியில 693 படி ஏறினவ நான். இது 600 தானேன்னு நெனச்சேன்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் பழனிப் படி அளவெடுத்துக் கட்டியது. இங்கே ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், எல்லாம் ஈரம். படிக்கு முன்னாலேயே செங்குத்தான தார்ப்பாதை வேறு. அடிவாரத்திலிருந்து வெர்னல் உச்சி வரை சுமார் 300 மீட்டர் ஏற்றம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் நூறு மாடி. முக்கியமாக, பழனியில் இறங்குவதற்கு விஞ்ச்சும் ரோப் காரும் உண்டு. இங்கே ஏறிய நூறு மாடியையும் நம் காலேதான் இறங்க வேண்டும்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பே "நில்" என்று சொல்லிவிடும். நாமும் நின்று தண்ணீர் குடிப்போம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். லாரி மலையிறங்கும்போது பிரேக் படும் பாடு அது. மூச்சு வாங்காததால் களைப்பு தெரியாது, பேசிக்கொண்டே வருவோம். தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுவதும் இப்போதுதான், அந்த வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். பிரேக் தளர்ந்ததும் முட்டிச்சில்லின் மீது பாரம் ஏறும், கால் லேசாக நடுங்கத் தொடங்கும். ஈரக் கருங்கல்லில் அந்த நடுக்கம் போதும். அந்த அம்மா வந்தது முட்டி வலிக்காக அல்ல. வழுக்கியபோது கையை ஊன்றி, மணிக்கட்டு எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்காமல் வந்தார். மாதவிடாய் நின்ற பெண்களில் இந்த முறிவை அடிக்கடி பார்க்கிறோம்.

பழனியில் யானைப்பாதை இருக்கிறதல்லவா, யோசெமிட்டியிலும் ஒன்று உண்டு. பெயர் ஜான் மியூர் டிரெயில். வெர்னல் உச்சியிலிருந்து கிளார்க் பாயின்ட் வரை இன்னும் கொஞ்சம் ஏறி அதில் சேர்ந்தால், வளைந்து வளைந்து சரிவாகவே கீழே வந்துவிடலாம். தூரம் கூடும், முணுமுணுப்பும் கூடும். ஆனாலும் படியில் ஏறி இதில் இறங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நடைக்கோல் இரண்டு இருந்தால் முட்டிப் பாரத்தில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். செருப்பு, தேய்ந்த வாக்கிங் ஷூ இரண்டும் வேண்டாம். ஷூ முன்பக்கம் விரலை இடிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்; இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது அதனால்தான்.

பயிற்சியை ஊரிலேயே, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கலாம். நம் வழக்கத்துக்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: லிஃப்டில் மேலே போய், படியில் மெதுவாக இறங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க, கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெல்ல இறக்குங்கள், பத்து முறை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கைப்பிடி இருக்கட்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தாலோ வலித்தாலோ இந்த வருஷம் உச்சி வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இவ்வளவு நடந்த நாளில், சில மருந்துகளோடு சேர்ந்து, சர்க்கரை இரவில்கூடச் சட்டென்று இறங்கலாம்.

அப்புறம், தண்ணீர். அருவியைக் கண்டால் குளிக்கத் தோன்றுவது குற்றாலம் பழக்கிய கை கால். இங்கே அருவி உச்சிக்குச் சற்று மேலே எமரால்டு பூல் என்ற பச்சைக் குளம், அசையாதது போலத் தெரியும். அதில் இறங்கத் தடை இருக்கிறது. பனி உருகிய நீர் பட்டதும் மூச்சு தானாக இழுக்கும். தண்ணீருக்குள் முகம் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். உச்சியில் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். 2011 ஜூலையில் அதைத் தாண்டிப் போனவர்களில் மூன்று பேரை ஆறு அருவியோடு கொண்டுபோனது. போட்டோவுக்காகக்கூட அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு விரல்கள் மடங்க இரண்டு மாதம் பிடித்தது. ஊருக்குப் போகும் முன் கடைசியாக வந்த நாளில், "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வருவேன், ஆனா அவருக்கு முட்டி என்னை விட மோசம்" என்றார். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மரப்பாலத்துல நின்னா அருவி தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். பாலம் வரை 120 மீட்டர் ஏற்றம்தான், படி கிடையாது, அங்கேயே கழிப்பறையும் இருக்கிறது. மகளுக்குக் காட்ட அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். வலது கையாலேயே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.