விரல் நுனியில் ஒரு லீட்: கைக்கடிகார இசிஜி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

நெதர்லாந்தின் லைடன் நகரில், இதயத்தின் மின்குறிகளைக் கோடாக வரையும் இசிஜி கருவியை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவன் 1905-ஆம் ஆண்டிலேயே, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து ஒருவரின் இதய மின்குறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். அந்நாளில் மின்முனை என்பது கையையும் காலையும் அமிழ்த்தி வைக்கும் உப்புநீர்த் தொட்டி. ஞாயிறுதோறும் பத்து கிலோமீட்டர் ஓடுபவர் இன்று கைக்கடிகாரத்தில் இசிஜி எடுத்து மருத்துவருக்கு அனுப்புவதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

இதயத்தசை சுருங்குவதற்குச் சற்று முன் அதனூடே பரவும் மின்னோட்டம், தோலை எட்டும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. கடிகாரத்தின் அடிப்புறம் இடது மணிக்கட்டைத் தொட, பக்கவாட்டுத் திருகின் மேல் வலது கை விரலை வைத்தால், இரு கைகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு முப்பது நொடிக்குப் பதிவாகும். ஐந்தோவன் முதல் லீட் (இதயத்தை மின்முனைகள் வழியே பார்க்கும் ஒரு கோணம்) என்று வகுத்தது இதைத்தான். கைத்தசை இறுகினாலே கோடு நடுங்கிவிடும் என்பதால், கையை மேசையில் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

துடிப்பின் ஒழுங்கைப் பார்க்க இந்த ஒரு லீட் போதும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் துடிப்புகளின் இடைவெளி தாறுமாறாகும். மேலறைகள் ஒன்றாகச் சுருங்குவதைக் காட்டும் சிறு மேடான பி அலையும் மறைந்துவிடும். பல்லாண்டுகள் கடும் நெடுந்தொலைவுப் பயிற்சி செய்த ஆண்களிடம் இக்கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், இது சிறிய பயன் அன்று. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. ஆப்பிள் கடிகாரத்தின் முதல் இசிஜி செயலி, துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தால் இக்கோளாறு உண்டா இல்லையா என்று சொல்லாது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கோ ஓய்வில் 45 துடிப்பு என்பது இயல்பு. அங்கே பதிவை மருத்துவர்தான் படித்தாக வேண்டும்.

இந்த ஒரு லீட் காட்டாதவையும் உண்டு. இதயத்தசை தடித்துப்போகும் நோயின் அடையாளங்கள் பெரும்பாலும் மார்பின் மீது வைக்கும் லீட்களில்தான் தெளிவாகத் தெரிகின்றன. அதற்குக் கை, கால், மார்பு என எல்லா இடங்களிலும் மின்முனை வைத்து எடுக்கும் பன்னிரண்டு லீட் இசிஜியே வேண்டும். முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் ஓடும்போது திடீரென இறப்பதற்கு முதன்மைக் காரணம் இதயத் தமனி அடைப்பு. ஓய்வில் எடுக்கும் பன்னிரண்டு லீட் இசிஜிகூட அதைத் தவறவிடக்கூடும்.

ஆகவே, தொலைவிலிருந்து செய்யும் பரிசோதனையில் இசிஜி பதிவைவிடக் கேள்விகளுக்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு. ஓடும்போது மயங்கியதுண்டா, மார்பு இறுகியதுண்டா, குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்தார்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், கடிகாரம் எவ்வளவு ஒழுங்கான கோட்டைக் காட்டினாலும், அடுத்த ஓட்டத்துக்கு முன் அவரை நேரில் வரவழைத்து எக்கோவும் (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுப்பது) தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனையும் செய்யவேண்டியிருக்கும்.