வானில் தடுத்த ஏவுகணையும் கீழேதான் விழும்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் உறவு இல்லாத தெரு அரிது. 2025 ஜூன் 23 இரவு கட்டாரில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதைத் விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவியபோது, வெட்டவெளியில் நின்று எடுத்த காணொளிகள் வட்ஸ்அப்பில் குவிந்தன. "தடுக்கிற கருவி இருக்குத்தானே, பயமில்லை" என்ற பேச்சும் கூடவே வந்தது. இதை எழுத வைத்தது அந்தப் பேச்சுத்தான்.

பாலிஸ்டிக் ஏவுகணையின் எஞ்சின் சில நிமிடங்கள்தான் எரியும். அந்த வெப்பத்தை, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செய்மதிகளின் அகச்சிவப்பு உணரிகள் கண்டுகொள்ளும். எஞ்சின் அணைந்தபின் அது வீசிய கல்தான்; எங்கே விழும் என்பதை எறியம் (வீசப்பட்ட பொருளின் இயக்கம்) பாடத்தின் அடிப்படையிலேயே கணிக்கலாம். ரேடார் அந்தப் பாதையைத் தொடர்ந்து அளக்க, கணினி சந்திப்புப் புள்ளியைக் குறிக்க, எதிர் ஏவுகணை புறப்படும். அமெரிக்காவின் பேட்ரியட் என்ற எதிர் ஏவுகணையின் பழைய வகைகள் இலக்கின் அருகே வெடித்துச் சிதறுபவை. அமெரிக்காவின் தாட், இஸ்ரேலின் ஏரோ 3 போன்றவை நேரே மோதியே அழிப்பவை. பலரும் சொல்லும் இஸ்ரேலின் அயர்ன் டோம் குறுந்தூர ரொக்கெட்டுகளுக்கானது. இந்த வேலைக்கு உரியதல்ல.

இதில் நேரந்தான் உயிர். 1991 பெப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அங்கிருந்த பேட்ரியட் அதைத் தடுக்க முயலவே இல்லை. காரணம் ஒரு தசமம். அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது; அதை 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. வெட்டிவிட்ட அந்தத் துளி வழு, கணினி 100 மணிநேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 செக்கனாக வளர்ந்திருந்தது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். ரேடார் தேடிய இடத்தில் எதுவும் இல்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. முக்கிய இலக்கங்கள் (ஓர் எண்ணை எத்தனை இலக்கம்வரை துல்லியமாக எழுதுவது என்பது) எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆகவேதான் நாடுகள் ஒரே அடுக்கை நம்புவதில்லை. இந்தியா 2006 நவம்பரில் ஏறத்தாழ 50 கி.மீ. உயரத்திலும், 2007 டிசம்பரில் 15 கி.மீ. உயரத்திலும் இடைமறிப்பைச் சோதித்தது. மேலே தவறினால் கீழே பிடிக்கவேண்டும். ஆனால் விண்வெளியில் காற்று இல்லாததால் ஏமாற்றுவதற்காக விடும் வெறும் பலூனும் ஏவுகணையின் வெடிமுனையும் ஒரே வேகத்தில் செல்லும். எது உண்மையானது என்று பிரித்தறிவது இன்றும் கடினம்.

முன்னெச்சரிக்கையின் பெறுமதி நம் ஊருக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வருவதை இங்கிருந்த ரேடார் முன்கூட்டியே கண்டது. பெரும்பாலான கப்பல்கள் முதல்நாளே துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்தன. அப்படியிருந்தும் சீனக்குடா எண்ணெய்க் குதம் எரிந்தது. வெளியேறிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். வானில் வெடித்தாலும் இரு ஏவுகணைகளின் உலோகத் துண்டுகளும் எரியாத எரிபொருளும் எங்கோ விழத்தான் வேண்டும். சைரன் கேட்டால் மொட்டைமாடிக்கு ஏறாமல், யன்னல் இல்லாத உள்ளறைக்குப் போகட்டும். அந்நாட்டு அதிகாரிகள் அறிவிக்கும்வரை வெளியே வரவேண்டாம். முற்றத்தில் கிடக்கும் துண்டு எதையும் தொடாமல் பொலிஸுக்கு அறிவிக்கட்டும்.