வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) லெட்டர் வந்தா மொத்தத் தொகைய முதல்ல பிரிச்சுப் பாருங்க

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் பக்கத்துல வேலை பாக்குறவங்க பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்குக்காக என்கிட்ட வருவாங்க, அதுல வி.ஆர்.எஸ். லெட்டரோட வர்றவங்க முக்காவாசிப் பேரு கடைசி லைன்ல இருக்குற மொத்தத்த மட்டும்தான் படிச்சிருப்பாங்க. "இன்னா சார், 14 லட்சம் தராங்களே, வாங்கிக்கலாம் இல்ல?"ன்னு கேட்டாரு வாலாஜாக்காரர் ஒருத்தர். வயசு 46, சர்வீஸ் 21 வருஷம், மாசம் 31,000 சம்பளம், அதுல பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 26,000.

பிரிச்சுப் பாத்தோம். பி.எஃப். 5,60,000, அது எப்பவுமே அவரு காசு. கிராஜுவிட்டி, 26,000த்த 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 21 வருஷத்துக்கு போட்டா 3,15,000, சும்மா ராஜினாமா பண்ணாலும் இத குடுத்தே ஆகணும். லீவு சம்பளம் 60,000. இதெல்லாம் கழிச்சா வேலைய விட்டுக்குடுக்குறதுக்குன்னு கம்பெனி தர்றது 4,65,000தான், அதாவது 15 மாச சம்பளம், ஆனா 58 வயசுக்கு இன்னும் 12 வருஷம் இருக்கு! கூட வந்த பொண்ணு நம்பாம செல்லுல திரும்பவும் கூட்டிப் பாத்துச்சு.

அதுக்காக வேணாம்னு உடனே சொல்லிடவும் முடியாது. ஆர்டர் வராம கம்பெனியே ஆள் குறைச்சா தொழிலாளிக்கு சட்டப்படி நோட்டீஸ் போக வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்தான் நஷ்டஈடு, இவருக்கு அது சுமாரா மூணே கால் லட்சம் வரும், அப்போ 4,65,000ங்கறது அதைவிட மேல்தான். அதனால கம்பெனி நெலம நெஜமா எப்படி இருக்கு, ஷிஃப்ட் குறையுதா, சம்பளம் தேதிக்கு வருதான்னு உள்ள இருக்குற உங்களுக்குத்தான் தெரியும், அத வச்சு முடிவெடுங்க. நல்லா ஓடுற கம்பெனின்னா இந்தத் தொகைக்கு கையெழுத்து போடாதீங்க, யூனியன வச்சு கூடக் கேளுங்கன்னுதான் நான் சொல்வேன்.

லெட்டர்ல வார்த்தையையும் பாருங்க. 'சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா'ன்னு எழுதச் சொன்னா எழுதாதீங்க, முறையான வி.ஆர்.எஸ். திட்டம்னாதான் நஷ்டஈட்டுல 5 லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாது, அதுவும் ஆயுசுல ஒரு தடவைதான், 10 வருஷ சர்வீஸோ 40 வயசோ முடிஞ்சிருக்கணும்.

பி.எஃப். பென்ஷன் 50 வயசுல இருந்தே வாங்கலாம், ஆனா 58க்கு முன்னாடி வாங்குற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைச்சுடுவாங்க. ஈ.எஸ்.ஐ.ல (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 5 வருஷம் இருந்தவங்க வி.ஆர்.எஸ். வாங்கினாலும் வருஷத்துக்கு 120 ரூபா கட்டி புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வைத்தியம் பாத்துக்கலாம், இத யாரும் சொல்றதே இல்ல, கேட்டு வாங்குங்க.

இன்னிக்கே கையெழுத்து போடணும்னு ஹெச்.ஆர். அவசரப்படுத்துனா ஒரு காப்பி வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க, கம்பெனி லோன், சொசைட்டி லோன் பாக்கி எல்லாம் பிடிச்சது போக பேங்க் அக்கவுண்ட்டுக்கு எவ்ளோ வரும், எந்தத் தேதிக்கு வரும்னு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க.