தாளின் பின்புறத்தை விட்டுவையுங்கள்

மறுபடியும் லேமினேஷன். அம்மா வரைந்து வைத்துப்போன கோட்டோவியங்களை "பத்திரமா இருக்கட்டும்னு" மகன் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய்ப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிரித்தால் கோடும் கூடவே வரும். காகிதப் பாதுகாப்பாளர் யாரிடம் கொண்டுபோனாலும் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆள், மரம், வீடு என்று எதையும் காட்டாமல் கோடும் வடிவமும் மட்டுமே கொண்ட அருவ ஓவியம் என்றால் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பு இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லையா? "சும்மா பழகிப் பார்த்தது போல" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்திய அருவ ஓவியர் நஸ்ரீன் முகமதியின் (1937–1990) படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் கிடையாது, தேதியும் கிடையாது. லண்டனிலும் பாரிஸிலும் படித்து, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர் அவர். பெயர் வைக்கத் தெரியாமலா விட்டிருப்பார்?

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. விட்ட இடத்தை நிரப்பியே தீரவேண்டும் என்று யாரோ ஒருவர் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் "தனிமை" என்று எழுதிவிடுகிறார். அது அப்படியே பட்டியலில் ஏறும். அடுத்து வரும் ஆய்வாளர் தனிமையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவார். ஓவியர் சொல்லாத ஒன்றை வைத்து அவருடைய மனத்தை அளந்தாகிவிட்டது! ஆண் போட்ட கோடு என்றால் வடிவியல். அதையே பெண் போட்டால் கோலம், நெசவு, மனவலி. நஸ்ரீன் பயன்படுத்தியது கட்டட வரைஞர்களின் கருவிகளை. கடைசி ஆண்டுகளில் நரம்பு நோய் உடலசைவைக் குலைத்தபோதும் அவருடைய கோடு பிசகவில்லை. அதைக் கண்ணீரால் விளக்குவதற்கு முன்னால் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்ன தெரியும்? இத்தகைய கோட்டோவியத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்போரம் இடைவெளி குறித்த பென்சில் புள்ளிகள், காம்பஸ் ஊசி குத்திய துளை, அழித்த கோட்டின் பள்ளம் எல்லாம் எழும்பி வரும். எந்தக் கோடு முதலில், எது அதன்மேல் என்று படிக்கலாம். பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால் தாளுக்குள்ளேயே ஆலை பதித்த அடையாளமான நீர்க்குறி தெரியலாம். தேதியில்லாத தாளுக்கு அது பெரிய துப்பு. ஃப்ரேம் கடைக்காரர் "ஓரம் அழுக்கா இருக்கு" என்று அரை அங்குலம் வெட்டித் தள்ளுகிறாரே, அதில் போவது இதெல்லாம்தான்.

பெண் கலைஞர்களைப் பற்றிய ஆய்வே இப்படிப்பட்ட துணுக்குகளை நம்பித்தான் நடக்கிறது. மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, திறமை இல்லாததல்ல, கல்விக்கூடங்கள் கதவடைத்ததுதான் காரணம் என்று அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் 1971இல் எழுதினார். கதவடைத்த இடத்தின் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கும்? வீட்டில்தான் தேட வேண்டும். ஸ்வீடனின் ஹில்மா அஃப் கிளின்ட் 1906லேயே அருவ ஓவியம் தீட்டியவர். 1944இல் இறக்கும்போது படங்களையும் குறிப்பேடுகளையும் சகோதரரின் மகனிடம் விட்டுச்சென்றார், இருபது ஆண்டுக்கு வெளியே காட்டக் கூடாது என்று சொல்லி. அவர் இறந்தபின் பெரிய பொதுக் கண்காட்சிக்கு வந்தது 1986இல், லாஸ் ஏஞ்சலஸில். அந்தக் குறிப்பேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் 1906 என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே, தயவுசெய்து:

செலோடேப் கூடாது. பழுப்பேறி, தாளை எண்ணெய்க் காகிதம் போல ஆக்கிவிடும். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையும் வேண்டாம். வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய, நீள நார் கொண்ட ஜப்பானியத் தாளில் இரண்டு பட்டைகள், மாவின் புரதத்தை நீக்கி எடுத்த கோதுமை ஸ்டார்ச் பசை. அவ்வளவுதான் ஒட்டு.

ஃப்ரேமுக்குள் படத்தைத் தாங்க அமிலமில்லாத மவுன்ட் போர்டு அட்டை. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை நிச்சயம். பின்னால் ஹார்டுபோர்டு, பிளைவுட் வைக்காதீர்கள், அமிலம் கசிந்து தாள் பழுக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு) மங்கலாகவே இருக்கட்டும். பென்சில் கோடு மங்காது, உரசினால் கலையும். சாய மை வெயிலில் காணாமலே போய்விடும்.

எண் போட்டே ஆகவேண்டும் என்றால் பின்புற மூலையில் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல். எண் மட்டும். முன்புறம், பின்புறம் இரண்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எந்தப் படம் எந்தக் கட்டுக்குள், எதற்கு அடுத்து இருந்தது என்பதையும் குறித்துக்கொண்ட பிறகே கட்டைப் பிரியுங்கள்.

மேசை டிராயரைக் காலி செய்ய அவசரப்படாதீர்கள். தாள் வாங்கிய ரசீது, டைரி, ஃபிலிமைத் தாள்மேல் வைத்து அதே அளவில் எடுத்த கான்டாக்ட் பிரின்ட் எல்லாம் இருக்கட்டும். இரண்டு அலகுகளுக்கு நடுவில் மையை நிரப்பிக் கோடு போடும் ரூலிங் பேனாவைக் கழுவ வேண்டாம். அதில் காய்ந்திருக்கும் மையை ஓவியத்தின் மையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.